மஞ்சள் குழாய்

ரீகாவில் பனி கொட்டுகிறது. சமையலறை மேசையில்
திபிலீசியின் ஒரு சந்து கிடக்கிறது,
நான்கு கைப்பேசிப் படங்களாக,
ஒரு பென்சில் கிறுக்கலாக,
ரசீதின் பின்புறம் என் கையெழுத்தில்
'சுவர்: வெந்த பூசணி' என்ற குறிப்பாக.

முதல் தாளில் தெருவை நடுவில் ஓடவிட்டேன்.
கண் அதில் வழுக்கிக்கொண்டு போய்
அந்தப் பக்கம் விழுந்தது.
மர பால்கனிகள் இரண்டு பக்கமும்
கடை திறந்து வைத்துக் காத்திருந்தன.
ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாம் தாளில் பார்வை மட்டத்தை ஏற்றினேன்.
பாவு கற்கள் பாதித் தாளைத் தின்றுவிட்டன.
நானூறு கல் வரைந்தபின் எனக்கே அலுத்தது.

மூன்றாவதில் வேன்.
ரொட்டி கொண்டுபோகும் வெள்ளை வேன்,
நட்ட நடுவில், வண்ணம் தீட்ட மறந்த இடம் போல.
எடுத்துவிட்டேன்.
நகராட்சியால் முடியாதது
எனக்கு ஒரு ரப்பர் தூரம்.
எடுத்தபின்தான் கவனித்தேன்:
அதில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்த கோச்சா
இப்போது எதிலும் சாயாமல்
காற்றில் சரிந்து நிற்கிறான்,
கையில் சிகரெட், முகத்தில் கவலையே இல்லை.

ஒருவனை விழாமல் பிடிக்கச் சுவரை இழுத்து வந்தேன்.
சுவரோடு சன்னல் வந்தது.
சன்னலோடு நாசிப்ரோலா வந்தாள், தலையணை உதறிக்கொண்டு.
ஆனால் அவள் மாலைப் படத்தில் இருப்பவள்.
அவன் காலை.
அவன் நிழல் இடப்பக்கம், அவள் நிழல் வலப்பக்கம்,
ஒரே சந்தில் இரண்டு சூரியன்.
யாருடைய பொழுதை அணைப்பது என்று
தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு அவளைக் காலையில் எழுப்பினேன்.
தலையணையை எப்போது வேண்டுமானாலும் உதறலாம்.

இவ்வளவும் செய்தேன், குழாயை மட்டும் தொடவில்லை.
எரிவாயுக் குழாய், அடர் மஞ்சள்,
சுவரோடு இடுப்பு உயரத்தில் வந்து
வாசல்கதவைக் கண்டதும் எழும்பி,
தாண்டி, மறுபடி இறங்கிப் போகும்.
மூன்று தாளிலும் அதை விட்டிருந்தேன்.

அன்று தெருவில் முக்காலி போட்டு வரைந்தபோதே
நாசிப்ரோலா செருப்பை இழுத்துக்கொண்டு இறங்கி வந்து
என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.
கோச்சாவின் உடைந்த ரஷ்ய மொழி வழியாக
ஒரே கேள்வி:
குழாய் எங்கே?
படத்தை இரண்டாக வெட்டுகிறது என்றேன்.
இது வருவதற்கு முன் மூன்று குளிர்காலம்
நாற்காலிகளை எரித்தோம், பியானோவை எரித்தோம்,
வெட்டட்டும் என்றாள்.
கோச்சா அதை மொழிபெயர்த்துவிட்டு
குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டான்:
பியானோ இல்லை, பியானோவின் மூடி மட்டும்.

நான்காம் தாள்.
முதலில் நிழல்கள், அது என் வழக்கம்.
அவை காய்வதற்குள் மஞ்சள்,
தாளின் இடது விளிம்பிலிருந்து, தூரிகையை எடுக்காமல்.
கண் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தது.
வாசலில் ஏறியது, சன்னலருகே நின்றது,
தலையணையைப் பார்த்தது,
இறங்கி, கோச்சாவின் தோளில் போய் உட்கார்ந்தது.
தெரு பின்னால் எங்கோ போய்க்கொண்டிருந்தது,
கண் கூடப் போகவில்லை.

நாசிப்ரோலாவின் கை பெரிதாகிவிட்டது.
பால்கனியின் பச்சை பொய்.
வானத்துக்கு இடமே இல்லை,
அங்கேயும் அப்படித்தான் இருந்தது.
பிறகு கல்தரையில் ஒரு நீலச் சதுரம்:
வேனின் நிழல்.
வழக்கப்படி முதலிலேயே போட்டுவிட்டிருக்கிறேன்.
ஈரத் துணியால் ஒற்றினேன், வரவில்லை.
காகிதம் குடித்துவிட்டது.

படம் எடுத்துக் கோச்சாவுக்கு அனுப்பினேன்.
இரவு பதில் வந்தது.
'நாசிப்ரோலா குழாயைப் பார்த்தாள்.
கை அவளுடையது இல்லை என்கிறாள்.
என் வேன் எங்கே?'
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:
'சரி, நிழல் தெரிகிறது.
தவணை இன்னும் பதினான்கு மாதம் பாக்கி,
அதற்குள் வேறு எங்கும் நகர்த்திவிடாதே.'